சுனைக்குச் சிமெண்ட் திருப்பணி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோடை முற்றியதும் கீழ்ப்பழனி மலை ஊர்களில் ஒரு பேச்சு எழும். சாமி காட்டுச் சுனையில் தண்ணீர் குறைந்துவிட்டது, திருப்பணி செய்ய வேண்டும் என்பார்கள். வரி வசூலாகும், மணலும் சிமெண்டும் ஜீப்பில் ஏறும். ஆடிக்குள் சுனையைச் சுற்றி டைல்ஸ் பதித்த தளமும் இரும்புக் கைப்பிடியும் உபயதாரர் பெயர் பொறித்த கல்லும் வந்துவிடும். அடுத்த கோடையில் தண்ணீர் இன்னும் குறையும். ஊராருக்குப் பக்தியும் குறையவில்லை, கையில் பணமும் குறையவில்லை. ஆனால் சுனையைக் காப்பாற்ற என்று செய்கிற வேலையே அதை அடைக்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி, பாச்சலூர் வட்டாரங்களில் மட்டுமல்ல, கொடைக்கானலைச் சுற்றிய மேல்மலையிலும் நீலகிரியிலும் சுனை உள்ள ஊர்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

காப்பித் தோட்டங்களுக்கும் மலைவாழைக்கும் நடுவே ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வெட்டாமல் விட்டிருக்கும் காடுதான் சாமி காடு. உள்ளே கன்னிமார் இருப்பார்கள், நாகர் இருப்பார், கருப்பு இருப்பார். பளியர் குடிகளுக்குப் பளிச்சியம்மன். அருகே பாறை இடுக்கில் ஒரு சுனை. செருப்போடு நுழையக் கூடாது, அரிவாள் கொண்டுபோகக் கூடாது, விழுந்த மரத்தைக்கூட எடுக்கக் கூடாது, ஒரு கிளையைத் தொடுவதானாலும் பூக்கேட்டு உத்தரவு வாங்க வேண்டும் என்பதெல்லாம் பெரியவர்கள் வைத்த கட்டுப்பாடு. இந்தக் கட்டுப்பாட்டில்தான் அந்தச் சுனை இத்தனை காலம் ஓடியது. சாமிக்குப் பயந்து காட்டை விட்டார்கள், காடு தண்ணீரை விட்டது.

பழனி மலையின் அடித்தளம் சார்னோகைட் என்னும் கடினப் பாறை. பாறைக்குள் தண்ணீர் தங்க இடம் கிடையாது. அதற்கு மேலே மக்கிப் பொடிந்த பாறை அடுக்கும், அடியில் ஓடும் வெடிப்புகளுமே மழையைச் சேர்த்து வைக்கும் இடம். சரிவு எங்கே அந்த அடுக்கையோ வெடிப்பையோ வெட்டுகிறதோ அங்கே தண்ணீர் வெளியே வரும். அதுதான் ஊற்றுக்கண். நாம் கும்பிடும் கல்தொட்டி தண்ணீர் வந்து சேரும் இடம் மட்டுமே, தண்ணீர் பிறக்கும் இடம் அதற்கு மேலே இருக்கும் காடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 1,500 மி.மீ. மழை பெய்தால் அது ஒன்றரைக் கோடி லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு ஆழத்தில் இறங்கிச் சுனைக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால் 15 லட்சம் லிட்டர், அதாவது நாளொன்றுக்கு 4,100 லிட்டர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 லிட்டர். இலைச்சருகும் மக்கும் பொதபொதவென்று கிடக்கும் காட்டு மண் மழையை உறிஞ்சும். அதே இடத்தைப் பெருக்கி, மிதித்து, தளம் போட்டு இறுக்கினால் மழை தங்காமல் ஓடிவிடும். கோயில் முகப்புக்காக அரை ஏக்கர் காட்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஏன் நூலாக இறங்குகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

இனி சிமெண்ட் விஷயம். இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. தொட்டியில் நிறையத் தண்ணீர் நிற்க வேண்டும் என்ற ஆசையில் சுவரை உயர்த்துகிறார்கள். ஊற்றுக்கண்ணின் மட்டத்துக்கு மேலே தண்ணீர் தேங்கினால் அந்தப் பாரம் பின்னோக்கி அழுத்தும். அழுத்தப்பட்ட ஊற்று வேறு வெடிப்பைத் தேடிக்கொண்டு பத்தடி தள்ளியோ, பக்கத்துத் தோட்டத்திலோ கசியத் தொடங்கும். ஒருமுறை தடம் மாறிய ஊற்றைப் பழைய கண்ணுக்குக் கொண்டுவருவது மிகவும் கடினம். சிலர் கண்ணைச் சுற்றியிருக்கும் கல் இடுக்குகளையே கலவை போட்டுப் பூசிவிடுகிறார்கள், கசிவு நிற்கட்டும் என்று. அந்தக் கசிவுகளும் ஊற்றின் வாய்கள்தாம். புதுச் சிமெண்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றும், தலைப்பிரட்டையும் நண்டும் தாங்காது. பொக்லைன் வைத்துப் பாறையைத் தட்டினாலோ வெடி வைத்தாலோ வெடிப்புகள் எப்படித் திறக்கும், எப்படி மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊற்றுக்கண்ணிலேயே மோட்டார் குழாயைச் செருகுவது இன்னொரு கொடுமை. மோட்டார் இழுக்கும் வேகத்தில் வண்டல் வந்து கண்ணை அடைக்கும்.

சுனைக்கு வேலை செய்தே ஆக வேண்டிய நிலை வந்தால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. கோடைக் கடைசியில், ஊற்று மிகக் குறைவாக இருக்கும்போதுதான் தொடங்க வேண்டும். அப்போதுதான் உண்மையான கண் எது, மேல்மண்ணில் கசியும் மழைநீர் எது என்று பிரித்துப் பார்க்க முடியும். மண்வெட்டியும் கடப்பாரையும் மட்டும் போதும். சேற்றையும் வண்டலையும் மெதுவாக அள்ளிக்கொண்டே தண்ணீர் வரும் திசையில் பின்னோக்கிப் போக வேண்டும். பாறையிலிருந்து தண்ணீர் தெளிவாக வரும் இடம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் நோண்டக் கூடாது. கண்ணுக்கு முன்னால் கழுவிய கூழாங்கல்லைத் தளர்வாக அடுக்க வேண்டும், பெரியவை கண்ணை ஒட்டி, சிறியவை வெளிப்பக்கம். சரிவின் கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு தாழ்வான தடுப்பு, நன்றாக மிதித்த களிமண்ணும் கல்லும் போதும். சிமெண்ட் தவிர்க்க முடியாது என்றால் அது இந்தக் கீழ்த்தடுப்போடு நிற்கட்டும். வழிந்தோடும் குழாய் ஊற்றுக்கண் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், மழைக்கால வரத்து முழுவதையும் விடுகிற அளவு பெரிதாகவும் இருக்க வேண்டும். குழாய் வாயில் வலை கட்ட வேண்டும். அடியில் வண்டலைத் திறந்துவிட இன்னொரு குழாய். இதை வைக்க மறந்த தொட்டிகள் சில மழைக்காலத்தில் சேற்றுக் குழியாகிவிடும்.

சுனைக்கு மேலே வளைவாக ஒரு வாய்க்கால் வெட்டி, கலங்கல் மழைநீரைத் திருப்பிவிட வேண்டும் என்று பொறியியல் கையேடுகள் சொல்லும். திறந்த நிலத்தில் அது சரி. சாமி காட்டுக்குள் அதைச் செய்தால் மரங்களின் வேர் அறுபடும். அங்கே ஒரு வரிசைக் கல்லை ஒருசாய்வாகப் பதித்தாலே போதும். காட்டுக்குள் மழைநீர்க் குழிகள் வெட்டுவதும் வேண்டாத வேலை. சருகு மூடிய மண்ணைவிடச் சிறந்த குழி கிடையாது. வெளியே மொட்டையாகக் கிடக்கும் மேட்டில் கல்வரப்பும் புல்வரிசையும் போடலாம். செங்குத்தான, மண் கனத்த சரிவுகளில் குழி வெட்டித் தண்ணீர் தேக்கினால் மண்சரிவுக்கு நாமே வழி வெட்டியதாகிவிடும்.

திருவிழாவுக்கு முன் காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று சருகைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். அந்த ஈரச் சருகுக்குள்தான் இம்மலையின் சிறு புதர்த்தவளைகள் முட்டையிடும். அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது, முட்டையிலிருந்து நேரே தவளைக் குஞ்சாக வெளிவரும். எனவே சருகின் ஈரம் போனால் அவையும் போயின. கூட்டத்தான் வேண்டும் என்றால் நடைபாதையை மட்டும் கூட்டலாம், அள்ளிய சருகைப் பக்கத்து மரத்தடியிலேயே பரப்பிவிடலாம். பொங்கல் அடுப்பு காட்டுக்கு வெளியே, ஆண்டுதோறும் ஒரே இடத்தில் இருக்கட்டும். சுற்றிலும் மூன்று மீட்டருக்குப் புல்லும் சருகும் இல்லாமல் மண் தெரியச் செதுக்க வேண்டும். விறகு தோட்டத்து நிழல்மரக் கவாத்துக் கிளைகளிலிருந்து வரட்டும். புறப்படும் முன் சாம்பலில் கை வைத்துப் பார்க்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மாசி, பங்குனியில் மலையில் பரவும் தீக்கு அணையாத அடுப்புக் கங்கே போதும்.

களை எடுப்பதிலும் அவசரம் ஆகாது. உண்ணிச்செடியை அரிவாளால் வெட்டினால் வெட்டிய இடத்தில் நான்காகத் துளிர்க்கும். வேரும் தண்டும் சேரும் கழுத்துக்கு மூன்று, நான்கு செ.மீ. கீழே வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் காய வைக்க வேண்டும். பூப்பதற்கு முன்பே செய்தால் பாதி வேலை மிச்சம். மேல்மலையில் சீகை மரம் (வாட்டில்) சோலைக்காட்டுக்குள் ஏறியிருக்கும் இடங்களில் மொத்தமாக வெட்டிச் சாய்ப்பது பெரும் தவறு. மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும் சீகை விதைகள் வெயில் பட்டதும், தீ பட்டதும் காடாக முளைக்கும். சீகை நிழலிலேயே சோலைக் கன்றுகள் முளைத்து நிற்பதைக் கொடைக்கானல் பக்கம் பல இடங்களில் பார்க்கலாம். அந்தக் கன்றுகள் தலைக்கு மேல் வளரும் வரை சீகையை விட்டுவைத்து, பிறகு சுற்றுப்பட்டை உரித்து ஆண்டுக்குச் சிலவாகக் கழிப்பதே முறை.

கற்பூர மரம் என்று மலையில் சொல்லும் யூகலிப்டஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நீலகிரியில் கிளென்மார்கன் பகுதியில் உதகை மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் பக்கத்துப் பக்கத்து இரு நீர்ப்பிடிப்புகளை 1968 முதல் ஒப்பிட்டார்கள். சோலையும் புல்வெளியுமாக விட்டதைவிட, கற்பூர மரம் நட்டதில் முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. ஆகவே மரம் எதுவானாலும் தண்ணீர் தரும் என்பது சரியல்ல. சுனைக்கு மேலே கற்பூரமும் சில்வர் ஓக்கும் நட்டு ‘பசுமை’ செய்ய வேண்டாம். மேல்மலையில் இயற்கையாகவே புல்வெளியாக இருக்கும் மேட்டில் எந்த மரமும் வேண்டாம், அந்தப் புல்லே தண்ணீர் பிடிக்கும்.

சாமி காட்டின் ஓரம் தேய்ந்திருந்தால் நாவல், அத்தி, சந்தனவேம்பு, தான்றி, கருங்குங்கிலியம் என்று உள்ளே நிற்கும் மரங்களின் வாரிசுகளையே ஓரத்தில் நடலாம். நாவல் விதை காய்ந்தால் செத்துவிடும், பழம் விழுந்த வாரத்திலேயே பைகளில் போட வேண்டும். கீழ்ப்பழனிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. புரட்டாசிக் கடைசியில், முதல் இரண்டு நல்ல மழைக்குப் பிறகு, ஒன்றரை அடிக் குழியில் நட்டால் தை வரை ஈரம் கிடைக்கும். வைகாசியில் நட்டுவிட்டுக் குடம் சுமக்க வேண்டாம். காட்டுக்கு உள்ளே எதுவும் நட வேண்டியதில்லை, அங்கே மாடு புகாமல் பார்த்துக்கொண்டால் தானாகவே முளைக்கும். காட்டுக்கு மேலே காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் பழைய நிழல் மரங்களை விட்டுவைப்பதும், சுனையை ஒட்டிய மேட்டில் ஆழ்துளைக் கிணறு போடாமல் இருப்பதும் கோயிலுக்குத் தரும் எந்த நன்கொடையையும்விடப் பெரிய உபயம்.

அடுத்து, மருந்து நீர் என்ற நம்பிக்கை. சுனையில் குளித்தால் தோல் நோய் தீரும், கண்ணில் விட்டால் எரிச்சல் போகும், மரு உதிரும் என்று தொலைவிலிருந்தும் வருகிறார்கள். குளிர்ந்த தண்ணீரும் காட்டின் அமைதியும் தரும் தேறுதலை நாங்களும் மதிக்கிறோம். ஆனால் அந்த நம்பிக்கையே சுனையைக் கெடுக்கும்படி ஆகிவிட்டது. மரு உதிர உப்பும் மிளகும், கட்டி கரைய வெல்லமும் தண்ணீரில் போடுகிறார்கள். ஊர்க்குளத்தில் போட்டது கரைந்து போகும், நாலு குடம் பிடிக்கும் சுனை என்ன செய்யும்? வெல்லம் கிருமிக்கு உணவாகிறது, உப்பு தவளையையும் பாசியையும் கொல்கிறது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு உறை, கழற்றி எறிந்த துணி என்று அதற்கு மேலும் சேர்கிறது. உப்பு, மிளகு, வெல்லத்தைப் பலிபீடத்துக் கல்லில் வைக்கட்டும். குளியல் வேண்டுமானால் சுனையிலிருந்து குழாய் வழியாக முப்பது மீட்டர் கீழே ஒரு கல்தளத்துக்குத் தண்ணீரை இறக்கி, சோப்பு இல்லாமல் அங்கே குளிக்கட்டும். அந்தக் கழிவுநீர் ஓடையில் கலக்காமல் கல்வாழைப் பாத்தியில் இறங்கட்டும். கழிப்பறை கட்டுவதானால் சுனைக்கு மேலே எந்தத் தொலைவிலும் வேண்டாம், கீழே முப்பது மீட்டருக்கு அப்பால்தான். வழிந்தோடும் நீரில் ஒரு பங்கு ஓடையிலேயே போகட்டும், காட்டுமாடும் அதை நம்பித்தான் வருகிறது.

காட்டு ஊற்று என்பதாலேயே தண்ணீர் குடிக்கத் தகுந்தது ஆகிவிடாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 100 மி.லி.க்கு ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கிராமைத் தாண்டக் கூடாது. மேலே பூண்டு, உருளை, கேரட் வயல்களோ உரம் போட்ட தோட்டமோ இருந்தால் நைட்ரேட்டை அவசியம் பார்க்க வேண்டும். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, செறிவுதான் கூடும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அந்த நீர் ஆகவே ஆகாது. ஆண்டுக்கு இருமுறை, பருவமழையின் முதல் கனமழைக்குப் பிறகும் கோடை உச்சியிலும், சோதிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. கிருமிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய புட்டியில், உள்ளே அலசாமல் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். மறுநாள் பஸ்ஸில் கொடுத்துவிட்டால் முடிவை நம்ப முடியாது. பரிசோதிக்காத நீரைத் தாண்டிக்குடி உயரத்தில் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம், கொடைக்கானல் உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்க விட்டுக் குடிக்கலாம்.

திருவிழாக் கூட்டத்துக்குக் குளோரின் போட வேண்டும் என்றால் சேமிப்புத் தொட்டியில்தான் போட வேண்டும். நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் அளவில் வாளியில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். ஊற்றுக்கண்ணில் தூவுவதால் பயன் ஒன்றும் இல்லை, ஓடும் நீரில் அது நிற்காது, நண்டும் தவளையும்தான் சாகும். திறந்த புண்ணோடு சுனையில் இறங்க வேண்டாம். கண் நோய்க்கு அந்த நீரை ஊற்ற வேண்டாம். பாம்புக்கடி, நாய்க்கடி, மஞ்சள் காமாலை என்றால் முதலில் மருத்துவமனை, நேர்த்திக்கடனைப் பிறகு செலுத்தலாம்.

சுனை நலமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பத்து லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் போதும். மாதம் ஒருமுறை, ஒரே தேதியில், மூன்று தடவை பிடித்துச் சராசரி எழுத வேண்டும். வாளி 40 வினாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர். 200 வினாடி ஆனால் நாளுக்கு 4,320 லிட்டர்தான். பக்கத்தில் மழை அளவையும் எழுதினால் இன்னொன்றும் தெரியும். மழை பெய்த மறுநாளே ஊற்று பெருகிக் கலங்கினால் அது மேல்மண் தண்ணீர், அழுக்கும் எளிதில் வரும். சில வாரம் தள்ளித் தெளிவாகப் பெருகினால் ஆழத்திலிருந்து வருகிறது என்று பொருள். ஆழத்து ஊற்றுக்குத் தண்ணீர் தருவது நேர்மேலே உள்ள சரிவாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது, வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தப் பக்கத்து மேடாகவும் இருக்கலாம். வேலைக்குப் பணம் ஒதுக்கும் முன் ஒரு நிலவியலாளரை அழைத்து இதைப் பார்த்துக்கொள்வது, டைல்ஸ் செலவில் ஒரு துளிகூட ஆகாது.

சட்டத்தின் துணையும் இருக்கிறது. மலையில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு நீர்நிலைகளையும் அவற்றின் பிடிப்புப் பகுதிகளையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. பளியர் குடிகளின் சாமி காடுகளுக்கு இது பெரிய பலம். நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, நத்தம் வட்டம் காசம்பட்டி வீர கோயில் காடு, ஐந்து ஹெக்டேருக்கும் சற்றுக் குறைந்த இடம், 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்குப் பின் தமிழகத்தில் இது இரண்டாவது. சமவெளியின் ஒரு சிறு கோயில் காட்டுக்குக் கிடைத்தது மலைக் காடுகளுக்கும் கிடைக்கலாம். அதற்கு ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு காட்டின் எல்லை, மரங்கள், சுனையின் அளவு, வழிபாட்டு முறை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, கிராம சபைத் தீர்மானத்துடன் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையே இதற்குப் பொருத்தமான நாள். பன்னிரண்டு மாத வாளிக் கணக்கு கையில் இருந்தால் தீர்மானம் வலுப்பெறும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஆடி மாதத்திலும் தை அமாவாசையிலும் தங்கள் ஆன்மிகப் பக்கங்களில் மலைக்கோயில்களைப் பற்றி எழுதும்போது, தலச்சிறப்பு, வழி, நடை திறக்கும் நேரம் ஆகியவற்றோடு, “சுனையில் உப்பு, வெல்லம், எண்ணெய், சோப்பு எதுவும் போட வேண்டாம், சருகைக் கூட்ட வேண்டாம்” என்ற வரியையும் சேர்த்து அச்சிடுங்கள். வாசகர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கையோடு கொண்டு வருகிறார்கள்.

இப்படிக்கு,
தாண்டிக்குடி – பண்ணைக்காடு வட்டார வாசகர்கள்,
கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.